ஜாம் ஆன என்ஜினும் ஒன்றரை ஏக்கர் நிலமும்

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் பக்கம் போறவங்க சங்ககிரியைத் தாண்டும்போது பார்த்திருப்பீங்க. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் லாரிப் பட்டறை, டயர்க்கடை, பாடி கட்டற ஷெட்டு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நடுநடுவுல சோளக்காடும் நிலக்கடலைக் காடும் இருக்கும். போன மாசம் வீட்டுக்கு வந்த சென்னை நண்பர் ஒருத்தர், "தண்ணியே இல்லாத இந்த ஊர்ல எப்படிங்க இவ்வளவு லாரி?" என்று கேட்டார். தண்ணி இல்லாததுனாலதாங்க லாரி என்று சொல்லிட்டு காப்பி கொடுத்து அனுப்பிட்டேன். அவருக்குச் சொல்லாம விட்டதை இங்கே எழுதறேன். எங்க குடும்பக் கதையும் இதுல கலந்துதான் வரும், பிரிச்சு எழுத எனக்குத் தெரியலை.

எங்க பக்கம் மானாவாரி பூமி. காவிரி பக்கத்துல பள்ளிபாளையம், குமாரபாளையம் வழியா ஓடினாலும் மேட்டுக்காட்டுக்கு ஏறாது. கிணறு வெட்டி ஏத்தம், கவலை இறைச்சுதான் வெள்ளாமை. மழை ரெண்டு வருஷம் பொய்ச்சா மாட்டை வித்துடுவாங்க. வித்த காசுல நூல் ஏவாரம் போனவங்க உண்டு, தறி போட்டவங்க உண்டு. கொஞ்சம் துணிஞ்சவங்க நாலு பேர் கூட்டுச் சேர்ந்து பழைய லாரி ஒண்ணு வாங்கினாங்க. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரின்னு மூணு ஊரும் இப்படித்தான் லாரி ஊர் ஆச்சு. அப்புறம் நாமக்கல் பாடி கட்டறதுக்கும் டேங்கர் லாரிக்கும் பேர் வாங்குச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத மாநிலம் இந்தியாவுல இல்லைன்னே சொல்லலாம். அறுபதுகள்ல சங்ககிரியில சிமெண்ட் ஆலை வந்ததும் உள்ளூர்லயே லோடு கிடைக்க ஆரம்பிச்சுது. 1969ல பேங்குகளை நாட்டுடைமை ஆக்குனாங்க, சின்ன ஆளுக்கும் கடன் குடுக்கலாம்னு ஆச்சு. 1975ல நேஷனல் பர்மிட் வந்ததுக்கப்புறம் எங்க ஊர் டிரைவருங்க பஞ்சாப் வரைக்கும் போனாங்க. ரேஷன் கார்டுல பேர் இங்க இருக்கும், ஆளு வருஷத்துல பத்து மாசம் நாக்பூர் பக்கம் இருப்பாரு.

அதுக்கு முன்னாடி என்ன லாரி ஓடுச்சுன்னு எனக்குச் சொன்னது எங்க அப்பச்சி, அம்மாவைப் பெத்தவர். ரெண்டாம் உலக யுத்தத்துல அவர் ஒரு பஸ்ஸுல கிளீனரா இருந்தார். பெட்ரோலுக்கு ரேஷன். அதனால பஸ்ஸுக்குப் பின்னாடி பெரிய பீப்பாய் மாதிரி ஒண்ணை மாட்டி, அதுல அடுப்புக்கரி போட்டு எரிச்சு, வர்ற கேஸை என்ஜினுக்கு விடுவாங்க. அந்த கேஸ் பிளாண்டை மதுரை டி.வி.எஸ். கம்பெனியே செஞ்சு வித்தாங்க. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி துருத்தி விசிறியைச் சுத்திக்கிட்டே இருக்கணும். அப்பச்சி சொல்ற கணக்குல ஒரு வெத்தலை போட்டுத் துப்பற நேரம்னு வெச்சுக்குங்க, ரெண்டு வெத்தலைன்னும் சொல்லுவார். மேடு வந்தா பயணிங்க இறங்கித் தள்ளணும்.

அந்தக் கரி கேஸுல ஒரு கெரகம் இருந்துச்சு. கேஸோட தாரும் சாம்பலும் சேர்ந்து போய் வால்வுல ஒட்டிக்கும். ராத்திரி நிறுத்துன வண்டி காலையில ஆறுனதும் வால்வு மேலேயே நின்னுக்கும், இறங்காது. கோழி இறகை மண்ணெண்ணெயில தோச்சு வால்வுத் தண்டுல விட்டு, சுத்தியலோட மரப்பிடியால மெல்லத் தட்டித் தட்டி இறக்குவாங்களாம். "இரும்பு மேல கோபம் வந்துச்சுன்னா சுத்தியலைக் கீழ வெச்சுட்டு ஒண்ணுக்குப் போயிட்டு வாடா" என்று அந்தக் காலத்து டிரைவர் அப்பச்சிகிட்ட சொன்னாராம். எனக்கு ரொம்ப நாள் அது சிரிப்புக் கதை மட்டும்தான்.

யுத்தம் முடிஞ்சதும் பட்டாளம் கழிச்சுக்கட்டுன லாரிங்க ஏலத்துக்கு வந்துச்சு. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், எல்லாம் பெட்ரோல் வண்டி. அப்புறம் டீசல் காலம். சென்னையில எண்ணூர்ல 1948ல ரகுநந்தன் சரண் ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் முதல்ல ஆஸ்டின் கார் கோத்துக்கிட்டு இருந்தாங்க. 1950ல இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோட ஒப்பந்தம், 1955ல பேரே அசோக் லேலண்ட் ஆச்சு. அவங்க காமெட் லாரிதான் எங்க பக்கத்துப் பெரியவங்களுக்கு "லைலாண்டு". வடக்க ஜாம்ஷெட்பூர்ல டாடா கம்பெனி 1954ல ஜெர்மனி டைம்லர் பென்ஸோட சேர்ந்து லாரி போட்டாங்க. 15 வருஷம் மூஞ்சியில பென்ஸ் நட்சத்திரத்தோடதான் டாடா லாரி வந்துச்சு. 1969ல ஒப்பந்தம் முடிஞ்சதும் நட்சத்திரம் போயிருச்சு. பழைய பெட்ரோல் வண்டி வெச்சிருந்தவங்க சென்னை சிம்ப்சன் கம்பெனி போட்ட பெர்கின்ஸ் டீசல் என்ஜினை வாங்கி அதுல இறக்கிக்கிட்டாங்க. மூஞ்சி டாட்ஜ், வயிறு பெர்கின்ஸ், பாடி நாமக்கல். அப்படி ஒரு வண்டி எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு சாமி ஊர்வலம் போகும்.

என்ஜினுக்குப் பேர் வெக்கறதுல இந்த ரெண்டு கம்பெனிக்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு இது பிடிச்ச சமாச்சாரம். லேலண்ட் 370, 400 என்றால் என்ஜினோட கொள்ளளவு அத்தனை கன அங்குலம், வெள்ளைக்காரன் கணக்கு. டாடா 692 என்றால் 6 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 92 மில்லிமீட்டர் விட்டம், ஜெர்மன்காரன் கணக்கு. 697 என்றால் 97 மில்லிமீட்டர். வண்டிப் பேர் 1210 என்றால் 12 டன், 100 குதிரை. ஸ்கூல்ல கணக்குல தேறாத எங்க ஊர்ப் பசங்க பட்டறையில மூணே மாசத்துல அங்குலத்தை மில்லிமீட்டரா மாத்தக் கத்துக்குவாங்க.

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

எங்கய்யன் 1976ல எங்க மாமாவோட, அதாவது அம்மாவோட அண்ணனோட கூட்டுச் சேர்ந்து ஒரு லாரி வாங்கினார். 1965 மாடல் டாடா, நட்சத்திரம் வெச்சது. எனக்கு அப்ப ஆறு வயசு. வண்டி வந்த அன்னிக்கு எங்கய்யன் நட்சத்திரத்தை வேட்டி முனையால துடைச்சுக்கிட்டே இருந்தது ஞாபகம் இருக்கு. ஆறு வருஷம் நல்லாவே ஓடுச்சு. சிமெண்ட், மஞ்சள், வெல்லம்னு எது கிடைச்சாலும் ஏத்தினாங்க. அந்த லாரிக் காசுலதான் எனக்கு முதல் செருப்பு வாங்கினாங்க.

1982ல கணக்குல சண்டை வந்துச்சு. யார் சொன்னது சரின்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. எங்கய்யன் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தார், மாமா மனசுல எழுதி வெச்சிருந்தார். வண்டி எங்க சாளைக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில எட்டு மாசம் நின்னுச்சு. இடையில மாமா ஒரு நாள் வந்து, "என் பங்குக்கு எடுத்துக்கறேன்" என்று ரெண்டு நாசிலைக் கழட்டிக்கிட்டுப் போனார். ஓட்டைக்குத் துணி சுத்தி அடைச்சுட்டுத்தான் போனார், ஆனா அணில் அந்தத் துணியைக் கூடு கட்ட எடுத்துக்கிச்சு. பானெட்டு மூடியும் சரியா மூடாது. ஐப்பசியில பேஞ்ச கொஞ்ச மழையும் நேரா உள்ளே.

1983 பெரிய வறட்சி. சென்னையில ஏரிங்க வறண்டு, குடிதண்ணிக்கு சனம் அலைஞ்ச வருஷம் அது. எங்க ஊர்ல கிணத்தடியில தேரை கூட இல்லை. ஃபைனான்ஸ்காரருக்கு நாலு தவணை பாக்கி. வண்டியை எப்படியாவது ரோட்டுல இறக்கணும்னு எங்கய்யன் பழைய நாசில் ரெண்டு வாங்கிட்டு வந்தார். செல்ஃப் அடிச்சா 'டக்'ன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் ஜாம்.

பக்கத்து ஊர் டிரைவர் ஒருத்தர் யோசனை சொன்னார், நாசிலை எல்லாம் கழட்டி மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊத்தி ரெண்டு நாள் ஊற விடுங்கன்னு. ஊத்தற வேலையை எங்கிட்ட குடுத்தாங்க. எனக்கு 13 வயசு, பெருமை தாங்கலை. ஓட்டை சின்னது, மெதுவாத்தான் இறங்கும். புனலை வெச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டம்ளர் டம்ளரா நான் ஊத்தினேன். கொஞ்சம் கூடவே ஊத்தினேன், நிறைய ஊறட்டும்னு. மூணாம் நாள் எங்கய்யன் நாசிலை எல்லாம் மாட்டினார். இன்னொரு லாரியைக் கொண்டாந்து முன்னாடி நிறுத்தி, சங்கிலி கட்டி, எங்க வண்டியை ரெண்டாவது கியர்ல போட்டு இழுத்தாங்க. முதல்ல பின் சக்கரம் சுத்தாம மண்ணுல உழுதுக்கிட்டே போச்சு. இருபது அடி போயிருக்கும். திடீர்னு சக்கரம் சுத்துச்சு, எல்லாரும் "ஓ"ன்னு கத்தினோம். அந்தக் கத்தல் முடியறதுக்குள்ள வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். கனெக்டிங் ராடு வளைஞ்சு ஒடிஞ்சு பிளாக்கைப் பிச்சுக்கிட்டு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழே மண்ணுல கருப்பு ஆயில் ஒழுகி ஓடுச்சு. எங்கய்யன் இறங்கி வந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குத் தட்டு அள்ளிப் போட்டார்.

பிளாக்கே போனதுக்கப்புறம் அந்த வண்டியில காசு போட ஆளில்லை. இரும்பு விலைக்குப் போச்சு. ஃபைனான்ஸ் பாக்கிக்கு கிணத்து மேட்டுல ஒன்றரை ஏக்கரை வித்தாங்க. மாமாவோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. நாசிலைக் கழட்டிட்டுப் போய் மழைத்தண்ணி இறங்க விட்டதாலதான் எல்லாம்னு எங்க வீட்டுல பேச்சு. எங்க அம்மா சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலை. மிச்சம் இருந்த நிலத்துல எங்கய்யன் 1984ல மழை வந்ததும் 85 தென்னம்பிள்ளை நட்டார். இனி ஒடற சாமானே வேண்டாம், நிக்கற சாமான் போதும்னு சொன்னார்.

இப்ப 2017க்கு வாங்க. 2016ல வடகிழக்குப் பருவமழை சுத்தமா ஏமாத்திருச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சுது. எங்க போர்ல காத்துதான் வந்துச்சு. எங்கய்யன் வெச்ச தென்னையெல்லாம் மட்டை தொங்கிக் குரும்பை கொட்ட ஆரம்பிச்சுது. வாடகைத் தண்ணி லாரி ஒரு லோடு 12,000 லிட்டர், 1,200 ரூபா. 85 மரத்துக்கு ஒரு லோடு விட்டா மரத்துக்கு 140 லிட்டர், நாலு நாள் தாங்கும். மாசத்துக்கு ஏழு, எட்டு லோடு. கணக்குப் போட்டுப் பார்த்துட்டு நோட்டை மூடிட்டேன். மூணு கிலோமீட்டர் தள்ளி எங்க மச்சான் தோட்டத்துல போர்ல தண்ணி இருந்துச்சு. அவர்கிட்ட ஒரு பழைய 1210 டாடாவும் இருந்துச்சு, 692 என்ஜின், மேலே தண்ணி டேங்க். முன்னாடி ரிக் வண்டிக்குத் தண்ணி அடிச்சது. 2013லிருந்து கோழிப்பண்ணை ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"எடுத்துக்குங்க மாப்ளே, ஆனா என்ஜின் ஜாம். பழைய இரும்புக்காரன் வந்து ரெண்டு தடவை கேட்டுட்டான்" என்றார். எனக்கு அடிவயித்துல ஒரு மாதிரி ஆச்சு.

சங்ககிரிப் பக்கம் ஒரு பெரிய ஃபிட்டர் இருந்தார். எழுபதைத் தாண்டுன ஆளு. பட்டறையை மகனுக்குக் குடுத்துட்டு சும்மா இருந்தார். வந்து பார்த்தார். நான் எடுத்ததும், "இன்னொரு வண்டி வெச்சு இழுத்துப் பார்க்கலாங்களாண்ணா?" என்று கேட்டேன், வாய் தவறி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இழுக்கறதுன்னா என்னை எதுக்குக் கண்ணு கூப்பிட்ட? மாட்டைக் கூப்பிடு."

அவர் செஞ்சதை அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

முதல் நாள் என்ஜினைத் தொடவே இல்லை. கியரை நியூட்ரல்ல போட்டார். ஃபேன் பெல்ட்டைக் கழட்டி டைனமோ, வாட்டர் பம்ப்பைத் தனித்தனியா கையால சுத்திப் பார்த்தார். சில சமயம் என்ஜின் நல்லாத்தான் இருக்குமாம், கூட ஓடற சாமான் ஒண்ணு இறுகிக்கிட்டு என்ஜின் மேல பழி விழுமாம். அடுத்து சேம்பர் நட்டை லேசா திருகித் திறந்தார். முதல்ல அரை சொம்பு தண்ணி வந்துச்சு, அப்புறம்தான் ஆயில். தண்ணி கனம், அடியில தங்கும். "ஹெட் கேஸ்கட் வழியா ரேடியேட்டர் தண்ணி உள்ள இறங்கியிருக்கு. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவுல துரு புடிச்சிருக்கும்" என்றார்.

ரெண்டாம் நாள் ஆறு நாசிலையும் கழட்டினார். ராக்கர் கவரைத் திறந்து ராக்கர் செட்டை முழுசா எடுத்தார். புஷ் ராடெல்லாம் வரிசை மாறாம அட்டையில குத்தி வெச்சார். ஏன்னு கேட்டேன். ராக்கர் இல்லைன்னா வால்வெல்லாம் மேலேறி மூடிக்கணும். மூடாம நிக்கறது எதுவோ அது இறுகியிருக்குன்னு அர்த்தம். அதைக் கவனிக்காம கிராங்க்கைச் சுத்தினா பிஸ்டன் மேலே வந்து வால்வை முட்டி வளைச்சுரும். எங்க வண்டியில ரெண்டு வால்வு நின்னுச்சு. அவர் ஒரு கோழி இறகு கேட்டார். கோழிப்பண்ணையில இறகுக்கா பஞ்சம்? மண்ணெண்ணெயில தோச்சு வால்வுத் தண்டுல விட்டு, சுத்தியல் பிடியால தட்டினார். எனக்கு அப்பச்சி ஞாபகம் வந்து சிரிப்பு வந்துச்சு, காரணம் சொன்னதும் அவரும் சிரிச்சார்.

அப்புறம் சிலிண்டருக்கு ஊத்தற மருந்து. ரேஷன் மண்ணெண்ணெய் ஒரு பங்கு, பவர் ஸ்டீரிங் ஆயில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சமா ஊத்தினார். பீடியை அணைக்கச் சொல்லி மச்சானைத் திட்டினார். பத்து நாள் காலையும் சாயந்தரமும் போய் எது இறங்கியிருக்குன்னு ஒரு கம்பியை விட்டுப் பார்க்கணும், குறைஞ்சதுக்கு மட்டும் ஊத்தணும். அஞ்சு சிலிண்டர்ல மெல்ல இறங்குச்சு. நாலாவதுல அசையவே இல்லை. ஊத்துனது ஊத்துனபடி நின்னுச்சு. "இவந்தான் திருடன்" என்றார்.

சாயந்தரம் சாயந்தரம் ஒரு வேலை எனக்கு. ரேடியேட்டர் ஓஸைக் கழட்டிட்டு, என்ஜினுக்குள்ள முதல்ல வெதுவெதுப்பா, அப்புறம் நல்லா சூடா, அண்டா அண்டாவா வெந்நீர் விடறது. எடுத்ததும் கொதிக்கிற தண்ணியை ஊத்தினா பிளாக் விரிசல் விடும். லைனரைச் சுத்தி சூடு ஏறினா அது ஒரு துளி விரியும், ராத்திரி ஆறினா சுருங்கும். தினம் அப்படி விரிஞ்சு சுருங்கும்போது துருவுக்கு நடுவுல எண்ணெய் போய் உக்காந்துக்கும். அந்தப் பத்து நாள்ல எங்க தோட்டத்துல மூணு மரம் கொண்டை சாஞ்சுது. தினம் காலையில போய் மரத்தை எண்ணிட்டு, அப்புறம் சிலிண்டரைப் பார்க்க வருவேன். இழுத்துத்தான் பார்த்துரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும்.

பதினோராம் நாள் முன்பக்கப் புல்லி நட்டுல பெரிய பானா போட்டு, நாலடி பைப்பு சொருகினார். புல்லியில ஒண்ணு, பக்கத்துல பிளாக்குல ஒண்ணு, நேருக்கு நேரா சாக்பீஸ் கோடு. வலது பக்கம் ஒரு தாங்கு, இடது பக்கம் ஒரு தாங்கு. தொங்கக் கூடாது, குதிக்கக் கூடாது. அசையலை. நாலாவது பிஸ்டனுக்கு ஹெட்டை இறக்க வேண்டியதாப் போச்சு. இறக்கிப் பார்த்தா பழுப்பு நிறத்துல துரு வளையம். நல்ல வேளை, அது உச்சியிலயும் இல்லை, அடியிலயும் இல்லை, நடுவுல நின்னுச்சு. ஆறு சிலிண்டர் என்ஜின்ல 1-6, 2-5, 3-4ன்னு ஜோடி ஜோடியாத்தான் ஏறி இறங்கும். உச்சியில இருக்கற பிஸ்டனை எத்தனை தட்டினாலும் கிராங்க் நேராத்தான் அடி வாங்கும், சுத்தாது. நடுவுல இருக்கறதைத் தட்டினாத்தான் சுத்தும். வேலாமரத்துக் கட்டையை சிலிண்டர் அளவுக்கு உருட்டிச் செதுக்கி, பிஸ்டன் மேல வெச்சு, மரச் சுத்தியலால அவர் தட்ட, நான் பைப்பைத் தாங்கிக்கிட்டு நின்னேன்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். சாக்பீஸ் கோடு ரெண்டும் ஒரு நூல் அளவு விலகுச்சு.

நான் கத்தப் போனேன், அவர் கையைக் காட்டி அடக்கினார். திரும்ப பழைய இடத்துக்கே கொண்டு வந்தார். மறுபடி ரெண்டு நூல். மறுபடி பின்னாடி. ஒரே பக்கமா தள்ளினா துருத் தூள் ரிங்குல சிக்கி லைனரைக் கீறிரும். பொழுது சாயறதுக்குள்ள முழுசா ஒரு சுத்து சுத்திட்டோம். ஹெட்டைப் புதுக் கேஸ்கட்டோட மாட்ட ரெண்டு நாள் ஆச்சு.

நாசில் மாட்டறதுக்கு முன்னாடி நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். நான் நாசிலைத் துடைச்சு எடுத்து நீட்டினேன். அவர் வாங்கலை. "பொறு கண்ணு. முதல்ல உள்ள இருக்கறது வெளிய வரணும்" என்றார். எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லி, ஓட்டை திறந்திருக்க செல்ஃப் அடிச்சார். ஆறு ஓட்டையிலிருந்தும் கருப்பா பீச்சி அடிச்சுது, கோழிப்பண்ணைக் கூரை வரைக்கும். மூணு தடவை அடிச்சு, காத்து மட்டும் வர்ற வரைக்கும் விட்டார்.

"இதை எடுக்காம நாசில் மாட்டினா என்னாகும்ணா?" என்று கேட்டேன்.

அவர் கீழே உக்காந்து மண்ணுல கோடு போட்டுச் சொன்னார். இந்த என்ஜின்ல ஒரு சிலிண்டர் கொள்ளளவு சுமார் 800 மில்லி. பிஸ்டன் உச்சிக்குப் போனா மேலே மிஞ்சற இடம் 50 மில்லி, ஒரு சின்னக் காப்பி டம்ளர்ல பாதி. காத்தா இருந்தா அதுல நசுங்கிக்கும். எண்ணெயோ தண்ணியோ நசுங்காது. 50க்கு மேல எவ்வளவு இருந்தாலும் பிஸ்டன் செவுத்துல மோதுன மாதிரி நின்னுரும், கீழே இருந்து கிராங்க் தள்ளிக்கிட்டே வரும், நடுவுல இருக்கற ராடு வளையும். "அதுலயும் செல்ஃபுல அடிச்சா தப்பிச்சாலும் தப்பிக்கும். வேற லாரி கட்டி இழுத்தா, அந்த வேகத்துக்கு ராடு பிளாக்கை ஒடைச்சுக்கிட்டு வந்துரும். எத்தனை வண்டி அப்படிப் போயிருக்கு தெரியுமா?"

எங்க பழைய லாரி என்ஜினும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

நான் ஊத்துனது டம்ளர் டம்ளரா. எங்கய்யன் 2009ல போயிட்டார். மாமா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டார். 34 வருஷமா எங்க வீட்டுல ஒரு மனுசனைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தோம். மழைத்தண்ணி துரு பிடிக்க வெச்சது நிஜம்தான். ஆனா அன்னிக்கு அந்த என்ஜின் விடுபட்டுச்சே, சக்கரம் சுத்துச்சே, அதை நானே என் கண்ணால பார்த்தேன். உடைச்சது உள்ள நின்ன எண்ணெய். ஃபிட்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் நாசிலைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டார். "ஊத்துனது தப்பில்லை கண்ணு. ஊத்தச் சொன்னவன் எடுக்கச் சொல்லலை பாரு. அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிட்டு ஒண்ணாம் நம்பர் நாசிலை மாட்ட ஆரம்பிச்சார்.

டீசல்ல ஏர் எடுத்து, புது ஆயில் ஊத்தி, அன்னிக்கு சாயந்தரம் செல்ஃப் அடிச்சோம். வெள்ளைப் புகை, அப்புறம் கருப்புப் புகை. அஞ்சு சிலிண்டர்ல நொண்டிக்கிட்டு ஓடி, கால் மணி நேரம் கழிச்சு ஆறாவதும் சேர்ந்துக்கிச்சு. எஃப்.சி. வாங்க இன்னொரு இருபது நாள் அலைஞ்சோம், அது தனிக் கதை, எழுதினா எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஏப்ரல் மாசத்துலிருந்து ஆவணி வரைக்கும் மச்சான் தோட்டத்துத் தண்ணியை அந்த வண்டிதான் சுமந்துச்சு. 85 மரத்துல 61 தப்பிச்சுது.

ஹெட் இறங்கின அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு நாலு நாள் யோசிச்சேன். அம்மாவுக்கு அப்ப 76 வயசு. கடைசியில சொன்னேன். அம்மா வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டே கேட்டாங்க. "அண்ணன் வீட்டுக்கு ஒரு குலை எளநி கொண்டு போய்க் குடுத்துட்டு வா" என்றாங்க. மாமா மகன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இந்த நாசில் கதையே தெரியலை. எதுக்கு எங்க ஆளுங்க பேசறதில்லைன்னு அவர் வேற ஒரு காரணம் வெச்சிருந்தார், அது எனக்குத் தெரியாத காரணம்.

மச்சான் அந்த 1210ஐ 2021ல இரும்புக்குக் குடுத்துட்டார். என்ஜினை மட்டும் நான் வாங்கிட்டு வந்து சாளையில கட்டை மேல ஏத்தி வெச்சிருக்கேன். எதுக்குன்னு என் மகன் கேக்கறான். அமாவாசைக்கு அமாவாசை தார்ப்பாயை விலக்கி, புல்லி நட்டுல பானா போட்டு, முன்னுக்கு ஒரு சுத்து, பின்னுக்கு ஒரு சுத்து சுத்தி விடறேன். நாசில் ஓட்டை ஆறுக்கும் மரக்கட்டை செதுக்கி அடிச்சிருக்கேன், அணில் எடுக்காது.